துணை ஜனாதிபதின்னா சும்மாவா? ஆர். வெங்கட்ராமன் கதை

பிள்ளையார்பாளையத்துல இருந்து பேசுறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, எங்க தெருவுக்கு அதுதான் பேக்ரவுண்ட் மியூசிக்.

கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபரா இருந்தப்போ, துளசேந்திரபுரத்துல பேனர் வெச்சுக் கொண்டாடினோம். ஆனா தமிழ்நாட்டுல இருந்தே துணை ஜனாதிபதி ஆனவங்க இருக்காங்க. 1952-ல சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1984-ல ஆர். வெங்கட்ராமன், 2025-ல சி.பி. ராதாகிருஷ்ணன். இன்னைக்கு நாம பேசப்போறது நடுவுல இருக்கிறவரைப் பத்தி.

முதல்ல பதவியைப் புரிஞ்சுக்குவோம். ரெண்டு நாட்டுலயும் துணைத் தலைவர்தான் மேல்சபைக்குத் தலைவர். ஓட்டு சமமா நின்னா இவர் ஓட்டு முடிவு பண்ணும். கமலா ஹாரிஸ் அப்படி 33 முறை ஓட்டுப் போட்டாங்க.

வித்தியாசம் எங்க வருதுன்னா, தலைவர் இறந்துட்டா என்ன ஆகும்ங்கிறதுல. 1963 நவம்பர் 22-ல கென்னடி கொல்லப்பட்டதும் ஜான்சன் விமானத்துலயே பதவி ஏத்துக்கிட்டார். மிச்சப் பதவிக்காலம் முழுக்க அவர்தான் அதிபர். இந்தியாவுல அப்படி இல்ல. கோர்வைப் புடவைக்கு ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கரை நாடா தள்ளுவாங்க. நெசவாளி இல்லைன்னா தறி அவங்களோடது ஆயிடாது. அதே மாதிரி துணை ஜனாதிபதி பொறுப்பை மட்டும் பார்த்துக்குவார். ஆறு மாசத்துக்குள்ள தேர்தல் நடத்தி புது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கணும்.

வெங்கட்ராமன் 1910-ல பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்துல பிறந்தவர். தொழிலாளர் வழக்குகள் நடத்தின வக்கீல். வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல ரெண்டு வருஷம் ஜெயில். 1957-ல இருந்து பத்து வருஷம் சென்னை மாநிலத்தின் தொழில்துறை அமைச்சர். அப்புறம் மத்தியில நிதி, பாதுகாப்பு. அப்துல் கலாம் தலைமையிலான ஏவுகணைத் திட்டம் 1983-ல தொடங்கினப்போ பாதுகாப்பு அமைச்சர் இவர்தான்.

1984 ஆகஸ்ட் 31-ல துணை ஜனாதிபதி ஆனார். சரியா ரெண்டு மாசத்துல இந்திரா காந்தி கொல்லப்பட்டாங்க. ஜனாதிபதி ஜெயில் சிங் ஏமன்ல இருந்தார். துணை ஜனாதிபதியை வெச்சே ராஜீவுக்குப் பதவிப் பிரமாணம் செஞ்சுடலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. கடைசியில ஜெயில் சிங் டெல்லி திரும்பின பிறகு அவரே செஞ்சு வெச்சார்.

1987-ல வெங்கட்ராமன் ஜனாதிபதி. அஞ்சு வருஷத்துல நாலு பிரதமர்கள்! ஜனாதிபதி பதவியை 'எமர்ஜென்சி விளக்கு'ன்னு சொன்னார். கரண்ட் போனா எரியும், வந்தா அணைஞ்சிடும்.

ஆனா 1991 ஜனவரி 30 இருக்கே, அதை விட்டுட்டுப் போக முடியாது. புலிகள் நடமாட்டம், சட்டம் ஒழுங்கு இதையெல்லாம் காரணம் காட்டி, கலைஞர் ஆட்சியைக் கலைக்கணும்னு சந்திரசேகர் அரசு முடிவெடுத்தது. கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்துட்டார். 356-வது பிரிவுல 'கவர்னர் அறிக்கை அல்லது வேறு வகையில்'னு ஒரு வரி இருக்கு. அந்த 'வேறு வகையில்' என்பதை வெச்சுத்தான் வெங்கட்ராமன் கையெழுத்துப் போட்டார்.

அமைச்சரவை சொன்னா ஜனாதிபதி கேட்கணும்ங்கிறது சரிதான். ஆனா 'இன்னொரு தடவை யோசிங்க'ன்னு ஒரு முறை திருப்பி அனுப்ப 74-வது பிரிவு அவருக்கு உரிமை தருது. அதை அவர் பயன்படுத்தல. என்னைப் பொறுத்தவரை, பயன்படுத்தியிருக்கணும். கவர்னரே ஒத்துக்காத ஒரு முடிவுக்கு, ஒரு நாள் கூடுதலா யோசிக்கச் சொல்றது தப்பில்ல. 1994-ல பொம்மை வழக்குல சுப்ரீம் கோர்ட், இப்படிப்பட்ட கலைப்புகளை நீதிமன்றம் பரிசீலிக்கலாம்னு தெளிவாச் சொல்லிடுச்சு.

2009-ல காலமானார். அவரை மதிப்பிடும்போது கிண்டி மாதிரி தொழிற்பேட்டைகள் வளர்ந்த காலத்தையும், அந்த ஒரு கையெழுத்தையும் சேர்த்தே பார்க்கணும். நீங்க அந்த நாற்காலில இருந்திருந்தா கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பீங்களா? சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பொம்மை தீர்ப்பைப் பிரிச்சுப் பார்க்கலாம்.