புரொஜெக்டரில் வெள்ளைத் திரை மஞ்சளாகத் தெரிகிறதா? புது லேம்ப் வாங்கும் முன் இதைப் படிங்க!

வகுப்பறை, கல்யாண மண்டபம், மீட்டிங் ஹால் என பழைய புரொஜெக்டர் ஓடும் இடங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "வெள்ளையா வர வேண்டிய இடம் மஞ்சளா வருது." லேம்ப் போயிடுச்சு என்று நினைத்து புதுசு வாங்கிப் போட்டால் வெளிச்சம் கூடும். ஆனால் மஞ்சள் போகாமல் அப்படியே நிற்கலாம். அப்படியென்றால் சிக்கல் லேம்ப்பில் இல்லை. உள்ளே இருக்கும் குட்டி எல்சிடி பேனலிலோ, அதை ஒட்டியுள்ள போலரைசரிலோ இருக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

மூன்று பேனல் எல்சிடி புரொஜெக்டரில், லேம்ப்பின் வெளிச்சம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பேனல். மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் திரையில் முழுப் படம்.

இந்தப் பேனலின் மூலைவிட்ட அளவு சில மாடல்களில் 0.7 இன்ச்தான். 100 இன்ச் திரையில் பரவும் வெளிச்சம் முதலில் இந்தச் சின்னச் சில்லு வழியாகத்தான் போக வேண்டும். பரப்பளவைக் கணக்கிட்டால் வித்தியாசம் சுமார் 20,000 மடங்கு. திரையில் மென்மையாகத் தெரியும் வெளிச்சம், பேனலில் அவ்வளவு அடர்த்தியாக விழுகிறது.

நீலப் பேனல் மட்டும் ஏன் முதலில் அடி வாங்குகிறது?

ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் ஆற்றல் கூடும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 1.9 எலக்ட்ரான் வோல்ட். 450 நானோமீட்டர் நீலத்துக்கு அது சுமார் 2.75. புற ஊதாவுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் புற ஊதாவைத் தடுக்க உள்ளே ஃபில்டர் வைக்கிறார்கள். ஆனால் நீலத்தைத் தடுக்க முடியாது. படத்துக்கு அது வேண்டுமே!

திரவப் படிகத்தின் மூலக்கூறுகளை ஒரே திசையில் வரிசையாக நிற்க வைப்பது 'அலைன்மென்ட் லேயர்' என்ற மெல்லிய படலம். பழைய பேனல்களில் இது பாலிஇமைடு என்ற கரிமப் பொருள். ஆயிரக்கணக்கான மணி நேரம் நீல ஒளியும் சூடும் பட்டால் இது மெல்ல மெல்லச் சிதையும்; மூலக்கூறுகளின் வரிசை குலையும். போலரைசரும் இப்படியே கருகலாம்.

நீலம் குறைந்தால் மிச்சமிருப்பது சிவப்பும் பச்சையும். இரண்டும் சேர்ந்தால் மஞ்சள். போலரைசர் நீல ஒளியை நிறுத்த முடியாமல் போனால், கறுப்பு வர வேண்டிய இடத்தில் நீலத் திட்டு தெரியும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கறுப்பைக் காட்ட, வரும் ஒளியைப் போலரைசர் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய ஒளி சூடாக மாறும். அதை வெளியேற்றுவது ஃபேன். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று வராது, சூடு ஏறும், சிதைவும் வேகமாகும்.

இதற்குத் தீர்வு வந்துவிட்டதா?

ஓரளவுக்கு வந்துவிட்டது. 2000களின் நடுவில் எப்சன், சோனி நிறுவனங்கள் கரிமப் படலத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம் கொண்ட பேனல்களைக் கொண்டு வந்தன. நீல ஒளியை இது நன்றாகத் தாங்கும். இப்போதைய லேசர் புரொஜெக்டர்களின் ஒளிமூலத்துக்கு 20,000 மணி நேர ஆயுள் என்கிறார்கள். லேம்ப்பைப் போல அடிக்கடி மாற்றும் வேலை இல்லை. ஆனால் அத்தனை காலமும் பேனலும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

வெயிலும் எதிரிதான்!

விஆர் ஹெட்செட், கேமரா வியூஃபைண்டர் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். லென்ஸ் வழியாக வெயில் உள்ளே போனால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதைப் போல, ஒளி ஒரே புள்ளியில் குவிந்து டிஸ்பிளேவைக் கருக்கிவிடும். இதற்கு ஆயிரம் மணி நேரமெல்லாம் தேவையில்லை. கொஞ்ச நேரமே போதும்.

என்ன செய்யலாம்?

* ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். காற்று போகும் வழியை அடைக்காதீர்கள்.
* முழு வெளிச்சம் தேவைப்படாத இடத்தில் 'ஈகோ மோட்' போடுங்கள்.
* யாரும் பார்க்காத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.
* விஆர் ஹெட்செட்டை ஜன்னல் ஓரத்திலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள்.
* செகண்ட் ஹேண்ட் புரொஜெக்டர் வாங்கும்போது "புது லேம்ப் போட்டிருக்கு" என்ற பேச்சோடு நின்றுவிடாதீர்கள். முழு வெள்ளை, முழு கறுப்பு, முழு நீலப் படங்களை ஓட்டச் சொல்லுங்கள். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் யோசித்து முடிவெடுங்கள். லேம்ப்பை நாமே மாற்றிவிடலாம். பேனல் போனால் செலவு எங்கோ போய் நிற்கும்.