மாக் டெஸ்ட்ல 63லயே நிக்குதா? பி.எம்.பி. தேர்வுக்கு முன்னாடி மூணு வாரம்

இந்த வாரம் ஒரு நேயரோட குரல் செய்தியை எடுத்துக்கிட்டேன். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் விரிவாக்க வேலைகளைப் பார்த்துக்கிறவர். பி.எம்.பி. தேர்வுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. எழுதின நாலு மாக் டெஸ்டில் 61, 64, 63, 62. "இன்னும் எத்தனை டெஸ்ட் போட்டா ஏறும்ணே?"ன்னு கேக்குறார்.

தம்பி, டெஸ்டைக் குறைச்சாத்தான் ஏறும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல தேர்வோட அளவு. 2021 ஜனவரியில் வந்த வடிவத்தில் 180 கேள்வி, 230 நிமிஷம். ஒரு கேள்விக்கு சுமார் 77 விநாடி. 60 முடிஞ்சதும் பத்து நிமிஷம் இடைவேளை, 120 முடிஞ்சதும் இன்னொண்ணு. (வடிவத்தை பி.எம்.ஐ. அப்பப்போ மாத்தும். நீங்க எழுதுற தேதிக்கு எது நடப்புன்னு அவங்க தளத்துல ஒரு தடவை பாத்துக்கோங்க.) தேர்ச்சி மதிப்பெண் இதுதான்னு பி.எம்.ஐ. வெளியிடுறதே இல்ல. அதனால "75 வந்தா பாஸ்"னு டெலிகிராம் குரூப்ல சொல்றதெல்லாம் அவங்கவங்க கணக்கு.

இப்போ அந்த 63ஐப் பிரிச்சுப் பாப்போம். 180 கேள்வியை அறுபது அறுபதா மூணு பங்கு போடுங்க. ஒருத்தருக்கு முதல் அறுபதில் 45 சரி, அடுத்ததில் 39, கடைசியில் 30. மொத்தம் 114, அதாவது 63 சதவீதம். இன்னொருத்தருக்கு மூணு பங்கிலயும் 38. அதுவும் 114தான். மதிப்பெண் ஒண்ணு, ஆனா நோய் வேற. முதல் ஆளுக்குப் பாடம் தெரியும், மூணாவது மணி நேரத்தில் உடம்பும் கவனமும் விட்டுப்போகுது. ரெண்டாவது ஆள் தெம்பாத்தான் இருக்கார், அவருக்கு யோசிக்கிற விதத்தில் சிக்கல். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தா யாருக்கும் கேக்காது. நாலு டெஸ்டோட விடைத்தாளும் உங்க கையில இருக்கு. இன்னிக்கு ராத்திரியே இப்படிப் பிரிச்சுப் பாத்துருங்க.

அடுத்தது, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதணும். விஷயமே தெரியலையா? கேள்வியில் இருந்த "முதலில்", "தவிர" மாதிரி ஒரு சொல்லைத் தாண்டிப் போயிட்டோமா? இல்ல, ரெண்டு விடை வரைக்கும் வந்து தப்பான பக்கம் சாஞ்சோமா? குத்துமதிப்பாப் போட்டுச் சரியா வந்ததையும் தப்புன்னே எழுதுங்க. அது தேர்வு அன்னிக்கு வராது.

வேலை பார்த்துட்டே படிக்கிறவங்க அதிகமா விழுறது அந்த மூணாவது குழியில்தான். ஒரு உதாரணம், நானே கட்டினது. நாகல் நகர்ல ஒரு பூட்டுப் பட்டறை. கோயில் ஒண்ணுக்கு 200 பூட்டு ஆர்டர், திட்ட மேலாளர் நீங்க. மாதிரிப் பூட்டுக்கு ஒப்புதல் ஆயிடுச்சு. கோயில் தரப்பில் ஒருத்தர் உங்ககிட்ட சொல்லாம நேரா ஆசாரிகிட்ட போய், "உள்ள ஒரு லீவர் சேர்த்துக் கொடுங்க"ன்னு கேக்குறார். ஆசாரியும் தலையாட்டிட்டார். இப்போ நீங்க முதலில் என்ன செய்வீங்க? அ, வாடிக்கையாளர் சந்தோஷம் முக்கியம், செஞ்சு கொடுத்துரலாம். ஆ, முதலாளிக்கு போன் போடலாம். இ, ஆசாரியோட உக்காந்து இந்த மாற்றத்தால் செலவும் நாளும் எவ்வளவு கூடும்னு பார்த்து, அப்புறம் மாற்றக் கோரிக்கையாக் கொண்டுபோகலாம். ஈ, வேலையை நிறுத்தச் சொல்லலாம்.

நம்ம ஊர்ல பத்து வருஷம் தொழில் பார்த்தவர் கை தானா அ பக்கம் போகும், இல்லன்னா ஆ பக்கம். நிஜத்தில் அப்படித்தான் பொழப்பு ஓடுது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா தேர்வு எதிர்பார்க்கிறது இ. முதலில் நிலைமையை ஆராய், சம்பந்தப்பட்டவர்கிட்ட நேரா பேசு, உன் அதிகாரத்துக்குள்ள முடியுறதை மேல தள்ளாத. இந்த வரிசைதான் பெரும்பாலான கேள்விக்கு அடியில் ஓடுது.

இதே கதையை அஜைல் முறையில் நடக்கிற திட்டம்னு மாத்திப் பாருங்க. அந்த லீவர் பேக்லாகுக்குப் போகும், எப்போ செய்யணும்னு புராடக்ட் ஓனர் முன்னுரிமை போடுவார். மாற்றக் கோரிக்கைப் படிவத்துக்கு அங்க வேலையில்ல. கேள்வியோட முதல் ரெண்டு வரியில் இது எந்த வகைத் திட்டம்னு பிடிக்காம விடைக்குப் போனா, படிச்ச ஆளும் தப்பாத்தான் போடுவார். 2021 வடிவத்தில் கிட்டத்தட்ட பாதி அஜைலும் ஹைப்ரிடும்ங்கறதை மறந்துடாதீங்க.

அப்போ திரும்ப எப்படிப் படிக்கிறது? தப்பான பகுதியை நாலு தடவை வாசிக்கிறதுதான் நம்ம பழக்கம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் ரெண்டு பேரும் 2006ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிச்ச மாணவர்களுக்கு அஞ்சு நிமிஷம் கழிச்சு 81 சதவீதம் நினைவிருந்தது. ஒரு தடவை படிச்சு, அப்புறம் பார்க்காம எழுதிப் பார்த்தவங்களுக்கு 75தான். ஒரு வாரம் கழிச்சு அது அப்படியே திரும்பிடுச்சு: வாசிச்சவங்களுக்கு 42, எழுதிப் பார்த்தவங்களுக்கு 56. அதனால விளக்கத்தைப் படிச்சதும் மூடி வெச்சுட்டு, மத்த மூணு விடை ஏன் தப்புன்னு உங்க சொந்தத் தமிழ்ல எழுதுங்க. மூணு நாள் கழிச்சு மறுபடியும் எழுதுங்க. ஒரே டெஸ்டைத் திரும்பப் போட்டு 85 வந்துச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. அது கேள்வி மனப்பாடம் ஆனதுக்கான மார்க்.

நாலு மணி நேர டெஸ்டுக்கு ரெண்டு நாள் அலசல்னு வெச்சுக்கோங்க, மூணு வாரத்தில் முழு டெஸ்ட் மூணோ நாலோ போடுங்க. அது போதும். ஆனா அதை நிஜத் தேர்வு நேரத்திலேயே, போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு எழுதுங்க. கடைசிப் பங்கில் சரியுறவங்களுக்கு அதுதான் மருந்து. இடைவேளைக்குப் போயிட்டா முந்தின அறுபதுக்குத் திரும்ப முடியாது, அதனால குறிச்சு வெச்சதையெல்லாம் அதுக்கு முன்னாடியே பாத்துருங்க.

அப்படிப் பாக்கும்போது விடையை மாத்தலாமா? "முதல்ல தோணினதுதான் சரி"ன்னு ஸ்கூல்ல இருந்தே கேட்டிருப்போம். இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களோட விடைத்தாளில் அழிச்ச தடங்களை எண்ணி 2005ல ஒரு ஆய்வு வந்தது. மாத்தினதில் 51 சதவீதம் தப்பிலிருந்து சரிக்குப் போயிருக்கு, சரியிலிருந்து தப்புக்குப் போனது 25தான். காரணம் சொல்ல முடிஞ்சா மாத்துங்க.

ஒரு ஆண்டு தகுதிக் காலத்தில் மூணு தடவைதான் எழுத முடியும். ஃபீஸோ நம்ம ஊர்ல ரெண்டு மூணு மாச வாடகை. அதனால தேதியைத் தள்ளி வைக்கிறதில் வெக்கம் ஒண்ணும் இல்ல. அடுத்த ரெண்டு புது டெஸ்டிலயும் காரணக் குறிப்பு மாறவே இல்லன்னா தள்ளுங்க.

வீட்டிலிருந்தே எழுதுறதா இருந்தா இன்னொரு விஷயம். மின்வாரியத்தோட மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் உங்க துணைமின் நிலையத்துக்கு என்னிக்குன்னு பாத்துட்டு ஸ்லாட் போடுங்க. காலையில போற கரண்டு மத்தியானம் தாண்டித்தான் வரும்.