ஸ்ப்ரே ஃபினிஷ் வழவழன்னு வரணுமா? பூச்சு பரவ நேரம் கொடுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

உங்கள்ல நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: "கன் நல்ல கன்தான், லாக்கரும் நல்ல லாக்கர்தான். ஆனா காய்ஞ்சதும் தடவினா சொரசொரன்னு இருக்கே, ஏன்?"

கன் பூச்சைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்து மரத்தின் மேல் போடுகிறது. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று கலந்து, சமமாகப் பரவி, அதற்குப் பிறகுதான் காய வேண்டும். அந்த ஈரமான கொஞ்ச நேரத்துலதான் வழவழப்பு உண்டாகுது. பெரும்பாலான கோளாறும் அங்கதான்.

காய்ஞ்ச பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்தா, துளி பெரிசா விழுந்து, பரவாமலே நின்னுடுச்சுன்னு அர்த்தம். பூச்சு கெட்டியாக இருக்கலாம், காற்றழுத்தம் குறைவாக இருக்கலாம். முதலில் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குத் தின்னர் கலங்க. அப்புறம் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

மாவு தூவின மாதிரி இருந்தா, துளி மரத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே பாதி காய்ஞ்சிடுச்சு. கன்னை ரொம்பத் தள்ளிப் பிடிச்சிருக்கீங்க. சாதாரண கன்னுக்கு 6 முதல் 8 அங்குலம் சரி. அதைவிடக் கிட்ட போனாலோ, கை மெதுவா நகர்ந்தாலோ வழியும்.

மணிக்கட்டை வளைக்காம, முழுக் கையையும் நேர்கோட்டுல நகர்த்துங்க. பலகை ஓரத்துக்கு முன்னாடியே அழுத்தி, ஓரம் தாண்டினதும் விடுங்க. ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூட வேண்டும்.

இனி மழைக்கால விஷயம். நான் அடி வாங்கிக் கத்துக்கிட்டது.

ஒரு ஐப்பசி மாசம், அடைமழை. தேக்கு நிலைக்கதவு ஒண்ணு. கிரகப்பிரவேசத்துக்கு 2 நாள்தான் இருக்கு. என்சி லாக்கர் அடிச்சேன். கொஞ்ச நேரத்துல கதவு முழுக்க சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப் போச்சு. பதறிப்போய் மேல இன்னொரு கோட் அடிச்சேன். அதுவும் வெளுத்தது.

நடந்தது இதுதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்த சொம்புக்கு வெளியே நீர் முத்து முத்தாகப் பூக்குமே, அதே மாதிரி ஈரக்காற்றில் உள்ள நீர் அந்தப் பூச்சில் படிந்து மாட்டிக்கொள்கிறது. அதுதான் வெள்ளை.

பக்கத்துத் தெரு பாலிஷ்காரர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "மேல மேல அடிக்காதப்பா, வெயில் வரட்டும்"னார். மறுநாள் மதியம் மழை விட்டதும், ரிட்டார்டர் கலந்த தின்னரை லேசா ஒரு கை அடிச்சோம். ரிட்டார்டர்னா மெதுவாக ஆவியாகும் தின்னர். காய்ந்த என்சி லாக்கர் தின்னர் பட்டால் மறுபடியும் இளகும். மாட்டிக்கிட்ட ஈரம் வெளியேறி, தேக்கு நிறம் திரும்பி வந்தது. ஆனா பியூ பூச்சுல இந்த வித்தை பலிக்காது. இறுகிவிட்டால் இளகாது, தேய்த்துவிட்டுத்தான் மறுபடி அடிக்கணும்.

இன்னொண்ணு, ஸ்ப்ரே எதையும் மறைக்காது. மரத்தை 180, அப்புறம் 220 நம்பர் உப்புத்தாள்ல இழையோட்டத்திலேயே தேயுங்க. சீலர் காய்ந்ததும் 320. விளக்கைப் பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தப்பின கீறல் எல்லாம் தெரியும்.

துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்க. காற்றோட்டம் இருக்கட்டும். பக்கத்துல அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

கடைசியா ஒண்ணு. அதே மரத்துத் துண்டுல, அதே நாள்ல, முதல்ல அடிச்சுப் பாருங்க. அது வெளுத்தா அன்னைக்குக் கதவைத் தொடாதீங்க. வீட்டுக்காரர்கிட்ட "ஒரு நாள் பொறுங்க"ன்னு சொல்றது கஷ்டம்தான். வெளுத்த கதவைக் காட்டுறது அதைவிடக் கஷ்டம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.