பூங்காவும் வண்டியும்

கடலிலே மண்ணைக் கொட்டி, ஏழு தீவுகளை ஒன்றாக்கி எழுப்பிய நகரம் மும்பை. நிலத்தை இவ்வாறு அரும்பாடுபட்டுச் சேர்த்த ஊரில் ஒவ்வோர் அடி மண்ணுக்கும் பலர் உரிமை கொண்டாடுவது வியப்பன்று. இன்று அவ்வுரிமை வழக்கில் எதிரெதிரே நிற்பவை இரண்டு: ஒன்று பூங்கா; மற்றொன்று நிறுத்த இடம் தேடும் கார்.

நம்மவர் குடும்பங்களுக்கு இது வெறும் மாநகராட்சி விவகாரம் அன்று. நெல்லையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ மகனோடு இருக்க வரும் தாயார், திண்ணையும் கொல்லையும் உள்ள வீட்டை விட்டு வருகிறார். இங்கே இருப்பது ஓர் அறையும் சமையற்கட்டும். மாலையில் நாலு பெண்களோடு தமிழில் பேச அவருக்குக் கிடைக்கும் திண்ணை, அருகிலுள்ள பூங்காவின் சிமெண்டு பெஞ்சுதான். அங்கே போகும் நடைபாதையில் ஒரு ஸ்கூட்டரும் இரண்டு கார்களும் ஏறி நின்றால், அவர் சாலையில் இறங்கி, பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் நடுவே நடக்க வேண்டும். இரண்டு நாள் தடுமாறினால் மூன்றாம் நாள் வீட்டோடு இருந்துவிடுவார். பூங்கா இருந்தும் அவருக்கு அது இல்லை.

1896-ஆம் ஆண்டில் இந்நகரைப் பிளேக் நோய் தாக்கிற்று. நெருக்கமே நோய்க்கு வித்து என்று கருதிய அரசினர் 1898-இல் நகரச் சீரமைப்பு டிரஸ்டு ஒன்றை அமைத்தனர். அந்த டிரஸ்டு வகுத்த தாதர்-மாதுங்கா திட்டத்தின் பயனே, இன்று நாம் காலாற நடக்கும் அகன்ற வீதிகளும், இருமருங்கும் ஓங்கிய மரங்களும், ஃபைவ் கார்டன்ஸ் என்று பெயர் பெற்ற பூங்காத் தொகுதியும். சிவாஜி பார்க் 1925-இல் வந்தது. பிளேக் அச்சத்தில் பிறந்த அந்தக் காற்றோட்டத்தை நாடியே நம் முன்னோரும் மாதுங்காவில் குடியேறினர். அவ்வீதிகளை வகுத்தவர்கள் மனிதரையும் மரத்தையும் எண்ணினார்கள். வீட்டுக்கு ஒரு கார், சில வீடுகளுக்கு இரண்டு என்ற காலத்தை எண்ணவில்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி, ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. மும்பைவாசிக்குக் கிடைப்பதோ ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும்; அதாவது 12.5 சதுர மீட்டர். வழிகாட்டி மனிதனுக்குக் கேட்ட இடத்தை இந்நகரம் காருக்கன்றோ கொடுத்திருக்கிறது! அதுவும் பெரும்பாலான தெருக்களில் இலவசமாக. அதே அளவு இடத்தில் மனிதன் குடியிருக்க என்ன வாடகை தருகிறான் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. நடைபாதையிலும், பாதசாரிகள் கடக்கும் கோடுகளின் மீதும், பஸ் நிறுத்தம், பள்ளி வாயில், மருத்துவமனை வாயில் ஆகியவற்றின் அருகிலும் வண்டியை நிறுத்தலாகாது என்பது நாடு முழுவதற்கும் பொதுவான விதி. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியைப் போலீஸார் இழுத்துச் செல்ல 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு இடந்தருகிறது. மகாராஷ்டிரத்தில் 2021 டிசம்பரில் வந்த அறிவிப்பின்படி அபராதம் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய்.

2019 ஜூலையில் மாநகராட்சி கடுமையானதொரு சோதனையில் இறங்கிற்று. பொது நிறுத்துமிடங்களுக்கு 500 மீட்டருக்குள் தெருவில் முறைகேடாக நிறுத்தினால் காருக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தது. ஊரே கொதித்தது, பின்னர்த் தொகையைக் குறைத்தார்கள். அந்நிறுத்துமிடங்களுள் பலவும், பொதுமக்களுக்கென்று கட்டிக்கொடுத்தால் கூடுதல் தளம் எழுப்பிக்கொள்ளலாம் என்று கட்டட முதலாளிகளுக்குச் சலுகை கொடுத்துப் பெற்றவை. அவற்றில் சில பாதிகூட நிரம்பாமல் கிடக்க, வெளியே தெரு நிரம்பி வழிந்தது. உள்ளே காசு, வெளியே இலவசம் என்றால் எவர் உள்ளே போவார்? குற்றம் காரோட்டியுடையது மட்டும் அன்று.

இடம் போதவில்லை என்றதும் அதிகாரிகளின் பார்வை பூங்காக்களுக்கு அடியிலும் சென்றது. பாந்திராவின் பட்வர்தன் பார்க்குக்கும் ஜூஹுவின் புஷ்பா நர்சி பார்க்குக்கும் கீழே நிலவறை நிறுத்துமிடம் தோண்டும் யோசனை 2022, 2023 ஆண்டுகளில் எழ, அக்கம்பக்கத்தார் திரண்டு எதிர்த்தனர். மேலே மீண்டும் பூங்காவை அமைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மலபார் குன்றில் 1881-இல் நீர்த்தேக்கத்தின் கூரைமேல் அமைத்த தொங்கும் தோட்டம் இல்லையா? உண்டு, அழகாகவும் இருக்கிறது. ஆனால் கூரைமேல் மண்ணின் ஆழம் குறைவு. யானையாகவும் ஒட்டகமாகவும் கத்தரித்த செடிகள் அங்கே வளரும். ஆலும் அரசும் வேரோட வழி ஏது? மழைநீரும் கூரையைத் துளைத்துப் பூமிக்குள் இறங்காது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தெருவெல்லாம் வெள்ளம் தேங்கும் நகருக்கு அது சிறிய நட்டமா?

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று நம் மாதுங்காவிலேயே உண்டு. டாக்டர் அம்பேத்கர் சாலையின் மேம்பாலம் 2011-இல் திறந்தபின், அதன் அடியிலிருந்த இடம் என்னவாகும் என்ற கவலை சுற்றுப்புறத்தாருக்கு வந்தது. பாலத்தின் நிழலில் வண்டிகளும் குப்பையும் சூதாட்டக் கும்பலும் குடியேறுவதை நகரெங்கும் கண்டவர்கள் அவர்கள். ஆகவே ஒன்றுகூடிக் காவலாள் வைத்தனர். மாநகராட்சிக்கு மனுவின்மேல் மனு எழுதினர். 2016-இல் அங்கே நானாலால் டி. மேத்தா பூங்கா திறந்தது. சுமார் 600 மீட்டர் நீளத்தில், நர்மதை நதி வளைந்து செல்வதுபோல் நடைபாதையை அமைத்திருக்கிறார்கள். பாலமே குடையாதலால் ஆனி, ஆடி மழையிலும் முதியவர்கள் நனையாமல் நடக்கலாம். தூய காற்று என்று சொல்லமாட்டோம். இருபுறமும் புகை கக்கும் வண்டிகள். ஆயினும் இடம் மனிதருக்குக் கிடைத்தது. தாராவி அன்பர்களுக்கும் இதில் புதுமை இராது. மித்தி ஆற்றங்கரையின் குப்பைமேட்டைத் திருத்தி 37 ஏக்கரில் மரம் வளர்த்த இயற்கைப் பூங்கா 1994-இலேயே அவர்கள் வாயிலில் திறந்ததன்றோ?

வீட்டு வளாகத்துக்குள்ளும் இதே வழக்குத்தான். தூண்களுக்கிடையே உள்ள நிறுத்துமிடத்தையும் திறந்தவெளி நிறுத்துமிடத்தையும் கட்டியவர் தனியாக விற்க முடியாது, அவை குடியிருப்போர் அனைவருக்கும் பொது என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில், மும்பைக் கூட்டுறவு வீட்டுச் சங்கமொன்றின் வழக்கிலேயே தீர்ப்பளித்தது. எவர் வண்டி எங்கே நிற்பது என்று முறை வகுப்பது சங்கத்தின் பொதுக்குழு. செப்டம்பர் 30-க்குள் நடைபெற வேண்டிய அதன் ஆண்டுக் கூட்டத்துக்கு நம்மவரில் பலர் போவதில்லை. பேச்சு மராத்தியிலும் குஜராத்தியிலும் நடக்கும் என்று தயங்குகிறார்கள். கார் இல்லாத உறுப்பினருக்கும் அங்கே ஒரு வாக்கு உண்டு. அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் குழந்தைகள் விளையாட ஒதுக்கிய இடம் எது, அதில் இன்று எத்தனை கார்கள் நிற்கின்றன என்று கேட்க வேண்டிய இடம் அக்கூட்டமே. இந்தியில் கேட்டாலும் போதும்.