ஒரு கமா இல்லாததால் 50 லட்சம் டாலர்: ஆங்கில வாக்கியம் எங்கே இடறுகிறது?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்றொரு பால் நிறுவனம் இருக்கிறது. அதன் டெலிவரி ஓட்டுநர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். "உங்களுக்கு அது கிடையாது, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது" என்றது நிறுவனம். கீழ் நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆனால், 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் திரும்பியது. காரணம், சட்ட வாசகத்தில் ஓரிடத்தில் கமா இல்லை. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

உலகம் முழுக்க இந்தச் செய்தி 'கமாவின் விலை' என்று சிரிப்பும் கிண்டலுமாகப் பரவியது. உண்மையில் கமா வெறும் மேல்தோல்தான். அதற்கு அடியில் இருந்தது ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு.

அந்த வாக்கியத்தில் என்னதான் இருந்தது?

எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று சொல்லும் பட்டியல் அது. விளைபொருள், இறைச்சி, மீன், சீக்கிரம் கெட்டுப்போகும் உணவு ஆகியவை சம்பந்தப்பட்ட வேலைகள். கேனிங், ப்ராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீஸிங், ட்ரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங் என்று கமா போட்டு அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடிகிறது.

இந்தக் கடைசித் துண்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். 'அனுப்புவதற்காகப் பேக் செய்வது' ஒரு வேலை, 'விநியோகிப்பது' இன்னொரு வேலை என்று பிரித்தால், விநியோகம் செய்யும் ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் போச்சு. 'அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்வது' என்று சேர்த்தே படித்தால், அது பேக்கிங் என்ற ஒரே வேலை. ஓட்டுநர்கள் பேக் செய்வதில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அப்போது அவர்களுக்கு ஓவர்டைம் உண்டு. 'ஷிப்மென்ட்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கமா விழுந்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

இரு தரப்பும் நீதிமன்றத்தில் நடத்தியது கிட்டத்தட்ட ஒரு இலக்கண வகுப்பு. பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிகின்றன, 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் அப்படி முடியவில்லை, 'ஷிப்மென்ட்' போலத்தான் நிற்கிறது. எனவே அந்த இரண்டும் ஒரு ஜோடி என்றார்கள் ஓட்டுநர்கள். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. 'பேக்கிங்'தான் பட்டியலின் கடைசி வேலை என்றால், அதற்கு முன்னால் ஒரு 'ஆர்' வந்திருக்க வேண்டுமே, அது எங்கே என்று கேட்டது. நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன்னால் 'அண்ட்' அல்லது 'ஆர்' போடாமல் பொதுவாக யாரும் முடிப்பதில்லை.

கமா விஷயத்திலும் நிறுவனத்திடம் ஆதாரம் இருந்தது. கடைசி உருப்படிக்கு முன்னால் வரும் கமாவுக்கு 'ஆக்ஸ்ஃபோர்டு கமா' என்று பெயர். போட வேண்டுமா, வேண்டாமா என்று ஆங்கிலம் எழுதுபவர்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் அது. மெய்ன் மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடு 'வேண்டாம்' கட்சி. ஆக, கமா இல்லாததை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

கடைசியில் நீதிமன்றம், இலக்கணத்தால் இதைத் தீர்க்க முடியாது, வாசகம் இரு பொருள் தருகிறது என்றே முடிவுக்கு வந்தது. அப்படி வந்தால், தொழிலாளர் நலச் சட்டத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகப் படிக்க வேண்டும் என்பது அந்த மாநில விதி. ஓட்டுநர்களை ஜெயிக்க வைத்தது அந்த விதிதான்.

ஆங்கிலத்துக்கு ஏன் இந்த அவஸ்தை?

ஆங்கிலத்தில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்பதை அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் பெரும்பாலும் சொல்கிறது. 'டாக் பைட்ஸ் மேன்' என்பதில் நாயையும் மனிதனையும் இடம் மாற்றினால் கடித்தவர் மாறிவிடுவார். தமிழில் 'நாய் மனிதனைக் கடித்தது', 'மனிதனை நாய் கடித்தது', எப்படிப் புரட்டினாலும் கடிபட்டவர் மனிதர்தான். 'ஐ' என்ற உருபு அவரோடு ஒட்டிக்கொண்டே போகிறது. லத்தீனும் இப்படித்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் இப்படி உருபுகள் இருந்தன. காலப்போக்கில் தேய்ந்து, இன்று 'ஹி - ஹிம்' போன்ற சில மிச்சங்கள்தான் இருக்கின்றன.

'எழுவாய், செயப்படுபொருள், பயனிலை' என்ற தமிழின் வரிசையை ஏதோ தலைகீழ் வரிசை என்று நினைப்பவர்கள் உண்டு. உலக மொழிகளின் அமைப்பைத் தொகுத்த 'வால்ஸ்' என்ற அட்லஸ், சொல் வரிசைக்காகப் பார்த்த 1,376 மொழிகளில் 564 மொழிகள் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைப்பவை. ஜப்பானியம், கொரியம், துருக்கி எல்லாம் இந்தக் கூட்டம். ஆங்கிலத்தின் வரிசையைப் பின்பற்றுபவை 488.

உருபுகள் போய்விட்டதால் ஆங்கிலம் 'ஃபார்', 'வித்', 'ஆஃப்' போன்ற குட்டிச் சொற்களை நம்பியிருக்கிறது. இவை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகும். எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோடு இணைந்திருக்கிறது என்பது சில சமயம் தெரியாது. பால் நிறுவன வழக்கில் 'ஃபார்' என்ற கொக்கியில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறதா, இரண்டா என்பதுதான் கேள்வி.

தமிழில் எழுதியிருந்தால்?

இயல்பான தமிழில் இந்தக் குழப்பம் வருவது கஷ்டம். தமிழ் ஒவ்வொரு உருப்படியின் வாலிலும் முத்திரை குத்துகிறது. 'அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்வது' என்றால் ஒரு வேலை. 'அனுப்பப் பேக் செய்வதோ விநியோகிப்பதோ' என்றால் இரண்டு வேலை. 'ராமனும் சீதையும்' என்பதில் வரும் 'உம்'முக்கு எண்ணும்மை என்று பள்ளியிலேயே பெயர் படித்திருப்போம்.

ஆனால், அலுவலகத் தமிழுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 'அனுப்புதல் அல்லது விநியோகத்துக்காகப் பேக் செய்தல்' என்று எழுதிப் பாருங்கள். 'ஓ...ஓ' போய் 'அல்லது' வந்தவுடன், ஆங்கிலத்தின் அதே ஓட்டை தமிழிலும் விழுந்துவிடுகிறது. வங்கிப் படிவங்களிலும் ஆப்களின் விதிமுறைப் பக்கங்களிலும் வரும் தமிழ் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இயல்பான தமிழுக்கும் சொந்த ஓட்டை ஒன்று உண்டு. 'ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் விண்ணப்பிக்கலாம்' என்று ஓர் அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். இப்போது பணியில் இருக்கும் அரசு ஊழியர் விண்ணப்பிக்கலாமா? 'ஓய்வுபெற்ற' என்பது ஆசிரியர்களோடு நின்றுவிடுகிறதா, ஊழியர்களுக்கும் போகிறதா என்பதை எந்த உருபும் சொல்லாது. தமிழில் அடைமொழி முன்னால் நிற்பதால் சிக்கல் முன்பக்கம் வருகிறது. ஆங்கிலத்தில் அதே சிக்கல் பின்பக்கமும் வரும்.

அந்தப் பின்பக்கச் சிக்கல் 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போனது. பணயம், ஒருவருக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. மூன்று வகைப் பாலியல் குற்றங்களைச் சொல்லிவிட்டு, 'மைனர் சம்பந்தப்பட்ட' என்று பொருள்தரும் சொற்றொடரைச் சட்டம் கடைசியில் வைத்திருந்தது. அவருடைய பழைய குற்றம் வயது வந்த பெண்ணுக்கு எதிரானது. 'மைனர்' என்பது கடைசிக் குற்றத்துக்கு மட்டுமா, மூன்றுக்குமா? நீதிபதி சோனியா சோட்டோமேயர் பேஸ்பால் வீரர்களைத் தேடும் உதாரணம் சொல்லி 'கடைசிக்கு மட்டும்' என்றார். நீதிபதி எலினா கேகன், 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வேலை பார்த்த நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர் என்ற உதாரணத்தைச் சொல்லி 'மூன்றுக்கும்' என்றார். 6-க்கு 2 என்ற கணக்கில் சோட்டோமேயர் தரப்பு வென்றது. 10 ஆண்டு உறுதியானது. இரண்டு உதாரணங்களையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே சரி என்றுதான் தோன்றும். அதுதான் பயமே.

'இந்தச் சொல் எதோடு சேரும்?' என்ற கேள்வி தமிழுக்குப் புதிதில்லை. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் இல்லாத ஓலைச்சுவடிக் காலத்தில் உரையாசிரியர்களின் பாதி வேலையே இதுதான். நன்னூல் இதற்குப் 'பொருள்கோள்' என்று பெயர் வைத்து எட்டு வகை சொல்கிறது. அதில் 'தாப்பிசை' என்பது, நடுவில் நிற்கும் ஒரு சொல் ஊஞ்சல் போல இரண்டு பக்கமும் போய்ப் பொருள் தருவது. செய்யுளுக்கு அது அழகு. சம்பள ஒப்பந்தத்தில் வந்தால் வக்கீல் ஃபீஸ்.

இன்னொரு மொழி காப்பாற்றுமா?

கனடாவில் ஒரு முறை காப்பாற்றியது. ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம், ஏலியன்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தோடு மின்கம்பங்களில் கேபிள் இழுக்க 2002-ல் ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு நீடிக்கும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகத் தொடரும், ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து முடித்துக்கொண்டால் தவிர என்பது ஷரத்து. 'தவிர' என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒரு கமா இருந்தது. அந்தக் கமாவால் 'தவிர' முழு வாக்கியத்துக்கும் பொருந்தும், முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்றது ஏலியன்ட். கனடாவின் ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006-ல் அதை ஏற்றது.

ரோஜர்ஸ் பிறகு செய்தது புத்திசாலித்தனம். அந்த ஒப்பந்தத்தின் மாதிரி வடிவத்துக்குப் பிரெஞ்சிலும் ஒரு வாசகம் இருந்தது. கமா எங்கே விழுந்தாலும் அதில் வாக்கியம் வேறு விதமாகக் கட்டப்பட்டிருந்ததால், முன்னறிவிப்பு என்பது புதுப்பிக்கும் கட்டத்துக்குத்தான் என்பது தெளிவாகத் தெரிந்தது. 2007-ல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

எப்போதும் இப்படி நடக்காது. 1967-ல் மேற்கு ஆசியப் போருக்குப் பிறகு ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 242-வது தீர்மானம், போரில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் வெளியேறுவது பற்றிப் பேசுகிறது. ஆங்கிலத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'த' இல்லை. அதனால் எல்லாப் பகுதிகளும் என்று பொருள் கிடையாது என்பது இஸ்ரேல் தரப்பு வாதம். பிரெஞ்சு வாசகத்திலோ 'த'வுக்குச் சமமான சொல் இருக்கிறது. அப்படியானால் எல்லாப் பகுதிகளும்தான் என்பது அரபு நாடுகளின் தரப்பு. அரை நூற்றாண்டு தாண்டியும் வாதம் ஓயவில்லை. தமிழில் 'ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து' என்று எழுதினால் இந்தச் சண்டை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் தமிழில் 'த' என்ற சாமானே கிடையாது.

இங்கே எந்த மொழி செல்லும்?

கனடாவில் மத்தியச் சட்டங்களின் ஆங்கில, பிரெஞ்சு வாசகங்கள் இரண்டுக்கும் ஒரே அதிகாரம். இந்தியாவில் அரசியலமைப்பின் 348-வது பிரிவு, நாடாளுமன்றம் வேறு விதமாகச் சட்டம் இயற்றும்வரை சட்டங்களின் அதிகாரப்பூர்வ வாசகம் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்கிறது. ஒரு மாநிலம் தன் மொழியில் சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரப்பூர்வ ஆங்கில வாசகமாகக் கருதப்படும். தனியார் ஒப்பந்தங்களிலும் 'இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே செல்லும்' என்று ஒரு வரி அடிக்கடி இருக்கும். தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, ஆங்கிலத்துக்குக் கட்டுப்படுகிறோம்.

ஆஃபர் லெட்டரில் இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: போனஸ், ஜாயினிங் அலவன்ஸ், டிரெயினிங் செலவு ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும், வாக்கியத்தின் கடைசியில் 'ஓராண்டுக்குள் பெற்றிருந்தால்' என்ற நிபந்தனை. அந்த 'இஃப்' டிரெயினிங் செலவுக்கு மட்டுமா, மூன்றுக்குமா? கையெழுத்துக்கு முன்னால் ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியது இதைத்தான், அதுவும் பதில் மெயிலில் வரும்படி. போனில் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று சொன்னால் கணக்கில் வராது.

மெய்ன் மாநிலம் தன் வாக்கியத்தைத் திருத்திவிட்டது. தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பட்டியலில் கமாக்களுக்குப் பதிலாகச் செமிகோலன்கள் வந்தன. 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பது 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்று மாறி, மற்ற வேலைகளைப் போல 'இங்'கோடு தனியாக நிற்கிறது. இனி அங்கே விநியோகம் செய்பவர்கள் அந்தச் சட்டத்தைக் காட்டி ஓவர்டைம் கேட்க முடியாது.