வெண்ணெய்த் திருடி

“தயிர் கடைந்து வெண்ணெய் திரளாவிட்டால் யாரோ கண்ணு வெச்சுட்டாங்க என்பார் எங்கள் அப்பத்தா. வேறு தேசத்திலும் இப்படி உண்டா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்டு. இதில் அயர்லாந்துக்காரர்கள் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

அங்கே சின்னக் குடியானவன் குத்தகை கட்டியது வெண்ணெய் விற்ற காசில். கார்க் நகரச் சந்தையிலிருந்து அது பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. அப்பேர்ப்பட்ட சரக்கைப் பக்கத்து வீட்டுக்காரி திருடிவிடுவாள் என்று பயந்தார்கள். அவள் பாலைத் தொட மாட்டாள். அதில் திரளும் வெண்ணெயை மட்டும் மந்திரத்தால் இழுத்துக்கொள்வாள். மே முதல் தேதி விடியலில் அடுத்தவர் புல்வெளியில் துணியை இழுத்துப் பனியை ஒற்றிக்கொண்டு, ‘எல்லாம் எனக்கே வா’ என்று முணுமுணுத்தால் போதும். அப்புறம் இந்த வீட்டுத் தாழியில் வெறும் நுரைதான். கிழவிகள் முயலாக மாறி மாட்டு மடியில் பால் உறிஞ்சுவதாகச் சொல்லப்படுவதை, வேல்ஸ் பாதிரியார் ஜெரால்டு 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இந்தப் பயத்தால் மே முதல் தேதியன்று நெருப்பையோ பாலையோ வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது வெண்ணெய் திரளாதபோது செய்த பரிகாரம். தாழிக்கு அடியில் கனன்ற கங்கோ பழுக்கக் காய்ச்சிய இரும்போ வைப்பார்கள். சமயத்தில் பலித்தும்விடும்! பாலேடு கடையத் தோதான சூடு சுமார் 12 முதல் 16 டிகிரி. அதற்குக் கீழே கொழுப்புத் துளிகள் விறைத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டாது. மேலே போனால் இளகிக் குழையும். சித்திரை வெயிலில் என் அம்மா மத்தை நிறுத்திவிட்டுப் பானைத் தண்ணீர் ஊற்றுவாள். அதே கணக்குதான், தலைகீழாக.

அம்மா அதற்காக யாரையும் பிடித்துவைத்து விசாரிக்கவில்லை. அங்கேயோ, பழுக்கக் காய்ச்சிய அந்த இரும்பு சூனியக்காரியையே சுடும், அவள் துடித்துக்கொண்டு வாசலுக்கு வருவாள் என்று காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கை உப்போ நெருப்போ கேட்டு வாசலுக்கு வரக்கூடியவள் யார்? இல்லாதவள்தானே, துணையற்ற கிழவிதானே. கறவை வற்றும் மாட்டின் பாலில் கொழுப்புத் துளி சிறுத்து, கடைந்தாலும் எளிதில் திரளாது. சரியாகக் கழுவாத மரத்தாழியும் காலை வாரிவிடும். அதையெல்லாம் பார்க்கக் கிழவியைச் சந்தேகிப்பது சுலபம். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

1880களிலிருந்து அங்கே இயந்திரம் வைத்த பால்பண்ணைகள் வந்தன. கடைகிற வேலை மெல்ல மெல்ல வீட்டைவிட்டுப் போயிற்று. ஆனாலும் 1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டுகளில் வெண்ணெய்த் திருடிகள் மலிந்து கிடக்கிறார்கள். கூடவே ஒரு நல்ல வழக்கமும் அவற்றில் வருகிறது. கடையும் வேளையில் வீட்டுக்குள் வந்தவர், வேலைக்கு ஒரு வாழ்த்துச் சொல்லித் தானும் கொஞ்ச நேரம் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். மறுத்தால் அவர்மேல் சந்தேகம். இது மட்டும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால், எங்கள் மாமாக்களில் ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போயிருக்க முடியாது.