இரு வண்ண விமானம்

பள்ளி விடுமுறையில் புக்கிட் பாஞ்சாங்கிலுள்ள என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காளின் மாமனார் அந்நாளில் பாயா லேபார் விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கியவர். "ஒரு பக்கம் ஒரு கம்பெனி நிறம், மறுபக்கம் இன்னொரு கம்பெனி நிறம். அப்படி ஒரு விமானம் வந்தது" என்று அடிக்கடி சொல்வார். வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

அக்காள் மகனுக்குக் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டென்றால் உயிர். பழைய விமானங்களுக்குத் தானே நிறம் பூசுவான். தையற்காரர் விரித்த துணிபோல, விமானத்தின் மேற்புறம் தட்டையான படங்களாக இருக்கும். அவற்றில் வண்ணம் தீட்டினால், திரையில் விமானத்துக்குச் சட்டைபோலப் பொருந்திவிடும்.

அதற்காகப் பழைய புகைப்படங்களைத் தேடியவன் திகைத்துப்போனான். தாத்தா சொன்னது உண்மை! ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் அது. 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரேன் வழியாகச் சிங்கப்பூர் வந்தது. இடப்புறம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். வலப்புறம் பிரிட்டிஷ் ஏர்வேஸ். இரைச்சலை மலேசியா ஆட்சேபித்ததால், மூன்றே முறை போய்வந்தபின் சேவை நின்றது. 1979இல் மீண்டும் தொடங்கி, 1980இல் முடிந்தது. இன்று அவ்விமானம் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறது, சிங்கப்பூர் நிறம் இல்லாமல்.

பையன் இரு பக்கத்தையும் தனித்தனியே தீட்டி, திரையில் மெல்லச் சுற்றிக் காட்டினான். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதைத்தானப்பா சொன்னேன்."

நாங்கள் தலைகுனிந்தோம். உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதையும் சிரித்துத் தள்ளுமுன், சற்றே தேடிப் பாருங்கள்.